தானே

பீல் நகரத்தில் தெருவுக்கு இரண்டு பெயர்,
ஒன்று ஜெர்மன், அடியில் பிரெஞ்சு.
கேள்வித்தாளும் அப்படியே வந்தது.
தமிழ் என் பொறுப்பு.

குணசிங்கம். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவு,
இருபத்தாறு வருடம், இரவு வேலை.
"கஷ்டமாகத்தானே இருக்கும்?"
"ஓம்."
"சம்பளமும் மேலாளரும் திருப்தியா?"
"ஓம்."
"ஏன் நீங்கள் ஜெர்மன் படிக்கவில்லை?"
ஜாக்கெட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்தார்.
பதிவில் அந்தச் சத்தம்தான்
எல்லாவற்றிலும் தெளிவாகக் கேட்கிறது.

நாற்பது நிமிடம். முப்பத்தொரு ஓம்.
எழுதி வைத்துப் பார்த்தால்
அர்ச்சனைச் சீட்டு வாங்கியவள் நான்.

சிவப்புப் பேனையோடு உட்கார்ந்தேன்.
முதலில் அந்த உம்: சம்பளமும் மேலாளரும்.
ஒற்றை ஓம் எந்தப் பக்கம் சாய்ந்தது
என்று இனி யாருக்குத் தெரியும்?
பிறகு ஏன்.
தமிழில் ஏன் என்று கேட்டாலே
யாரோ பிரம்போடு நிற்கிறார்கள்.
பிறகு ஆ, ஓர் எழுத்து.
"நீங்களா முறையிட்டீர்கள்?" என்றால் விசாரணை.
"முறையிட்டீர்களா?" என்றால் விசாரிப்பு.

ரெகுலா எட்டிப் பார்த்தாள்.
"ஒரே சொல்லை எல்லா வரியிலும் வெட்டுகிறாயே, என்ன அது?"
தானே.
மொழிபெயர்க்க வரவில்லை.
தோளில் கை போட்டு
ஆளைக் கதிரையில் இருத்திவிடுகிற சொல், என்றேன்.

அறிவினா, அறியாவினா:
ஒன்பதாம் வகுப்பில் பாடமாக்கி
முழுப்புள்ளி எடுத்தவள்தான்.
அறியாவினா கேட்க
முதலில் அறியாமல் இருக்க வேண்டும்
என்பது சோதனைக்கு வரவில்லை.

மாசியில், ஏரி தெரியாத மூடுபனியில்
மறுபடி வந்தார்.
"மனதில நிக்கிற ஒரு இரவைச் சொல்லுங்கோ."
கொண்டுபோனது அவ்வளவுதான்,
அதற்குக் கேள்விக்குறிகூட இல்லை.
பேசாமல் இருந்தார். பதினான்கு விநாடி.
உதவிக்கு ஓடிவந்த சொற்களை
நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"பிள்ளையளின்ர வார்டு விரிப்பு தனியா வரும்.
ஒருநாள் தலையணை உறைக்குள்ள
ரிஷூவில சுத்தின ஒரு பல்லு.
பால்பல்லு.
மேல கொண்டுபோனன்.
எந்தப் பிள்ளையின்ர எண்டு கேக்க வேணும்,
ஜெர்மன்ல நாலு சொல்லு.
லிஃப்டுக்குள்ள நிண்டு
மாத்தி மாத்திச் சொல்லிப் பாத்தன்.
கதவு திறக்கும். மூடும்.
திருப்பிக் கீழ போவன்."

"பிறகு கேட்டனீங்களோ?"
வாயிலிருந்து விழுந்துவிட்டது.
ஓம், இல்லை என்று மட்டும் பதில் வருகிற வகை;
எங்கள் கையேட்டில் முதல் தவறு.

"ஓம்," என்றார்.