நாலாவது தடம்

டார்ட்டூவில் பிப்ரவரி.
எமயோகி ஆற்றின் மேல் நாயோடு நடந்து போகிறார்கள்.
ரீகாவில் இரண்டு நாள் கிடந்துவிட்டுப்
பெட்டி வந்தது. உலர்பனி பாதிக்கு மேல் காற்றாகிவிட்டது.
உள்ளே நூறு மைக்ரோலிட்டர்.
இரண்டு சொட்டு என்று சொல்லலாம்.
என் ஒரு மாத வாடகை என்றும் சொல்லலாம்.

எந்த ஊர்க் கொட்டகையோ,
ஒரு முயலின் தோலுக்கடியில்
எங்கள் புரதத்தின் துணுக்கை ஏற்றியிருக்கிறார்கள்:
பதினான்கு அமினோ அமிலம், ஒரு பாஸ்பேட்.
முயல் அதைப் பகை என்று எடுத்துக்கொண்டது.
அந்தப் பகையைத்தான் குப்பியில் வாங்குகிறோம்.

வைரஸ் வந்த சேதி செல்லின் வாசலுக்கு எட்டியதும்
பாஸ்பேட்டைப் பொட்டாக வைத்துக்கொண்டு
உட்கருவுக்கு ஓடுகிற புரதம், ஸ்டாட்-ஒன்று.
பொட்டு வைத்தவனை மட்டும்தான் பிடிக்கும் என்று
குப்பியோடு வந்த தாளில் போட்டிருந்தது.
அதனால் சவ்வை நனைக்கப் பால்பவுடர் கூடாது;
பாலில் கேசீன் உண்டு,
கேசீனுக்கும் பொட்டு உண்டு.

வெளியே மைனஸ் பத்தொன்பது.
குளிரறைக்குள் நான்கு டிகிரி.
கதகதப்பாக இருக்கட்டும் என்று அங்கே நின்றேன்,
சவ்வு இரவு முழுக்க ஆடட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன்.

நாலாவது தடத்தில் எதுவும் தெரியக்கூடாது.
ஸ்டாட்-ஒன்றின் மரபணுவையே
வெட்டியெடுத்த செல்கள் அவை.
கெர்ட்டு கோடை முழுக்க உட்கார்ந்து வெட்டினாள்.
எல்லோரும் ஏரிக்குப் போயிருந்தார்கள்.

காலையில் பார்த்தால்
நாலாவது தடத்தில் கோடு.
மங்கல் இல்லை, சந்தேகம் இல்லை,
மை தீட்டிய இமை மாதிரி.

"காலி வீட்டில் யார் விளக்குப் போட்டது?" என்றாள்.
பிறகு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பழைய லாட்டின் அடிமண்டியை வழித்து
அதையும் ஓட்டினோம்.
அதிலும் இருந்தது, கொஞ்சம் மெலிந்து.
மூன்று வருஷமாக இருந்திருக்கிறது.
காலி வீட்டை யாரும் கட்டவில்லை,
அதனால் விளக்கும் தெரியவில்லை.

முயல் மேல் குற்றமில்லை.
சாயலைக் காட்டினார்கள், சாயலைப் பிடித்தது.
பெயரை ஒட்டியவர்கள் நாங்கள்.

நோன்புக்கு முந்தின செவ்வாய் அன்று.
நல்ல படம் வந்தால் தின்னலாம் என்று
கிரீம் பன் ஆறு வாங்கி வைத்திருந்தாள்.
நடைக்கூடத்தில் நின்றபடி தின்றோம்.
உர்மாஸ் எட்டிப் பார்த்து
"வந்துவிட்டதா?" என்றார்.
"வந்தது" என்றாள், மூக்கில் சர்க்கரைத்தூளோடு.
"யார் என்றுதான் தெரியவில்லை."

அவருக்குப் புரியவில்லை. ஒரு பன் எடுத்துக்கொண்டு போனார்.

மதியம் நோட்டுப்புத்தகத்தில்
எடை: ஏறக்குறைய தொண்ணூறு கிலோடால்டன்,
பெயர்: என்று எழுதிப் பென்சிலை வைத்துவிட்டாள்.
மிச்சம் நாற்பது மைக்ரோலிட்டர் இருந்தது.
கொட்டப் போனவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.
மைனஸ் எண்பதில், கடைசித் தட்டில் வைத்தேன்.
மூடி மேல் அவள் எழுதச் சொன்னது:
நம்பாதே.
எறியாதே.