ஏழாம் பக்கம்

கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்ததால்
டாக்டரம்மா நாற்பது நிமிஷம் தாமதம்.
கரி வண்டி. அறுபத்தொரு பெட்டி எண்ணினேன்.
அதற்குள் படிவத்தை
ஏழாம் பக்கம் வரை படித்துவிட்டிருந்தோம்.

"எளிதில் அணுக முடியாத மக்கள்"
என்று அதில் எங்களுக்குப் பேர்.
டெல்லிபாபு சிரித்தான்:
"நம்மளயா யக்கா?
ராத்திரி ரெண்டு மணிக்கும்
போலீஸ்காரன் கரீட்டா வந்து அணுகுறானே."

பிளாஸ்டிக் குடக் கடைக்கு மேலே மாடி அறை.
ஒரே டேபிள் ஃபேன்; அதை ஜெரோம் பக்கம் திருப்பினோம்.
மார்பை இறுகக் கட்டியிருப்பவனுக்கு
மே மாதம் இரண்டு மடங்கு.
படிவத்தில் ஆண், பெண், மற்றவை.
மற்றவையில் டிக் அடித்தால்
இந்த ஆய்வு உங்களுக்கானது அல்ல, நன்றி.

தினம் ஒரு மாத்திரை,
மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் என்றாள்
வேர்த்துக்கொண்டே.
நான் சொன்னேன்:
டப்பாவில் மாத்திரை குலுங்கினால்
ஒற்றை அறை வீட்டில் பெண்டாட்டிக்குக் கேட்கும்.
பஞ்சு வைத்துக் கொடுங்கள்.
காசிமேட்டில் ஏலம் முடிந்து
ஐஸ் உடைக்கிறவன் கை காய ஒன்பதாகும்,
எட்டு மணிக்கு ரத்தம் கேட்காதீர்கள்.
போனில் சாரும் வேண்டாம் மேடமும் வேண்டாம்,
பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்.
எந்தப் பேர் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுதிக்கொண்டாள். பென்சிலில்.

முன்பும் வந்தார்கள். வேறு ஆட்கள், வேறு பேனர்.
நூறு பேர் கை நீட்டினோம்.
ஜூஸ், பிஸ்கட், இருநூறு ரூபாய்.
ரிசல்ட் கேட்க அடுத்த மாதம் போனால்
அந்தக் கட்டடத்தில் டூ-லெட் தொங்கியது.
கோகிலா அந்த நூறில் ஒருத்தி.
அவள் ரத்தத்தில் இருந்தது அவளுக்குத் தெரிந்தது
மூன்று வருஷம் கழித்து,
ஸ்டான்லியில், எழுந்து உட்கார முடியாதபோது.

அதனால்தான் கேட்டேன்:
ஆய்வு முடிந்த மறுநாள்
மாத்திரை யார் தருவது?

ஏழு பக்கத்திலும் அது இல்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
"தெரியல" என்றாள். "கேட்டுட்டு வரேன்."
தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி
நான் கேட்டதே இல்லை.
அந்தக் கேள்வியை மட்டும் மையில் எழுதச் சொல்லி
என் பேனாவைக் கொடுத்தேன்.

கையெழுத்துக் கோடு காலியாகவே இருக்க
படிவங்களைத் திரும்ப எடுத்துப் போனாள்.
மறுபடியும் கேட்.
மாடியிலிருந்து பார்த்தோம்.
காருக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு
என்னவோ அடித்து அடித்து எழுதுகிறாள்.

"பேனா போச்சு யக்கா" என்றான் டெல்லிபாபு.