மஞ்சள் வாத்துகள்

கறுப்புத் துணி வேண்டாம் என்றேன் முதலிலேயே.
நீலம் ஒரு தெருவுக்கு ஆகாது,
சிவப்பு அடுத்த தெருவுக்கு.
மகனின் பழைய தலையணை உறையை வெட்டித் தைத்தேன்:
வரிசையாக மஞ்சள் வாத்துகள்.
ஆறடி மூன்றங்குலம் என் லவெல்.
இருக்கட்டுமே,
வாத்து போட்ட ஆளைக் கண்டு யார் பயப்படுவார்கள்?

பயந்தார்கள்.
மில்வாக்கியில், பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பெரிய கடை.
காவலாளி பின்னாலேயே வந்தான்
முட்டை வரை, சோப்பு வரை,
அவர் ஒரு வெள்ளரிக்காயை எடுத்துப் பார்த்து
திரும்ப வைத்தது வரை.
அவர் போட்டிருந்தது முகக்கவசம்.
அவன் பார்த்தது முகமூடி.

அந்த வாரம் டிவியில்,
சட்டமன்றப் படிக்கட்டில், துப்பாக்கி தொங்கும் தோள்கள்.
வெறும் முகங்கள். வாய் முழுக்க சுதந்திரம்.
அவர்கள் பின்னால் யாரும் நடக்கவில்லை.
லவெல் சத்தத்தைக் குறைத்தார்.
காலை ஐந்துக்குப் பேருந்தை எடுக்க வேண்டும்.

ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் நின்று
ஒருவன் மூன்று நிறுத்தம் இருமினானாம்.
“மூடிக்கங்க சார்னு சொல்லியிருக்கலாம்ல?”
“சொன்னா புகார் யார் மேல போகும், ஒர்னெட்டா?”

பத்தாம் நாள் அவசரப் பிரிவு.
விரலைக் கவ்வியது துணிக்கிளிப் போல ஒன்று.
சிவப்பு வெளிச்சம் தோலுக்குள் போய்
ரத்தத்தை விசாரித்துவிட்டு வந்து சொன்னது:
தொண்ணூற்று மூன்று.
“பரவாயில்லை, வீட்டில் ஓய்வெடுங்கள்.”
ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை அவரால்,
கேளுங்கள் என்றேன்.
நர்ஸ் எண்ணைக் காட்டினாள்.

மறுநாள் மணிக்கட்டில் ஊசி குத்தி
ரத்தத்தையே கேட்டார்கள்.
எண்பத்து நான்கு.
வெளிர் விரல்களில் எண்ணப் படித்த வெளிச்சம்
இந்த விரலில்
இல்லாத மூச்சையும் சேர்த்து எண்ணியிருக்கிறது.
என் பிறப்பிலிருந்து பார்க்கிறேன்,
கணக்கில் எங்களுக்குக் கூடப் போட்டுக் கொடுத்தது
அது ஒன்றுதான்.

பிழைத்து வந்துவிட்டார்.
பேருந்து இல்லை இப்போது, பணிமனையில் சாவி கொடுக்கும் வேலை.
வாத்துகள் வெளுத்து
அலகு மட்டும் ஆரஞ்சாகத் தெரிகிறது.
“எல்லாம் முடிஞ்சு போச்சே,
இன்னுமா கழட்டல?” என்று கேட்பார்கள்.
சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள்.
அவர் பதில் சொல்லத் தொடங்குவார்,
மாடிப்படியில் நிற்பவரைப் போல
நடுவில் நிற்பார்.

மிச்சத்தை நான் சொல்வேன்.
நான் சொல்லும்போது
கைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.