தப்பான ஓடை

ஜூன் மாதத்தில் ஒரே ஒரு இரவு மழை.
தகரக் கூரையில் விழுந்த சத்தம் கேட்டு
ஒனோஃப்ரே எழுந்து உட்கார்ந்தான்.
"யாரோ கல்லெறிகிறார்கள்" என்றான்.
ஐந்து வருடம்.
காதுக்கு மறந்துபோயிருந்தது.

விடிவதற்குள் மணல் எல்லாவற்றையும் குடித்துவிட்டு
வாயைத் துடைத்துக்கொண்டது.
ஜூலையில் ஒன்றுமில்லை.
எப்போதும்போல் இடுப்பளவு அலையில் இறங்கிக்
கடற்பாசி இழுத்தேன்,
பாறையில் விரித்தேன், காய்ந்ததைக் கட்டினேன்.
லாரிக்காரன் சொன்னதுதான் எடை,
அவன் சொன்னதுதான் விலை.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு முற்பகல்,
கமன்சாக்கா விலகிக்கொண்டிருந்தது
(கடலிலிருந்து ஏறிவந்து
முள்ளுக்கு முள் சொட்டிவிட்டுப் போகும் மூடுபனி அது).
மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு
அவசரமாய் ஒதுங்கப்போன ஒனோஃப்ரே
பித்தானில் வைத்த கையோடு நின்றுவிட்டான்.
செருப்பு நுனியில் ஒரு பெருமூச்சு.

கேலியில்லை, பூவின் பெயரே அதுதான்.
வெளிர்நீலம், கட்டைவிரல் அகலம்,
நடுவில் கொஞ்சம் இருட்டு.
பத்தடி தள்ளிப் போய்
வேலையை முடித்துக்கொண்டு வந்தான்.

அப்புறம் நிற்கவில்லை.
பாசிக்கட்டு எடைச்சீட்டுகளின் பின்பக்கம்
நான் எழுதிவைத்திருக்கிறேன்:
ஏழாம் கிலோமீட்டர், இடப்பக்கம்,
குவனாக்கோப் பாதம், ஊதா, எண்ண முடியாது.
ஒன்பது, மஞ்சள் அனியன்யூக்கா, ஆறு, இல்லை ஏழு,
ஒன்றை ஆடு மேய்ந்திருக்கிறது.
பன்னிரண்டு, பெயர் தெரியாத வெள்ளை.
பதின்மூன்று, அதே வெள்ளை, இன்னும் பெயர் தெரியவில்லை.

பூவின் பின்னால் கார்கள் வந்தன.
கழுத்தில் கேமரா, மூக்கில் வெள்ளைக் களிம்பு.
எல்லாருக்கும் ஒரே கேள்வி:
"சிங்கநகம் எங்கே?"

எனக்குத் தெரியும்.
பிளந்த பாறைக்குப் பின்னால், கடல் தெரியாத பக்கம்,
தரையோடு படர்ந்து தலையை மட்டும் தூக்கும்
ரத்தச் சிவப்புக் கொத்து.
போன முறை போனபோது குழிதான் இருந்தது.
யாரோ கிழங்கோடு அள்ளிப்போயிருந்தார்கள்.
மீதி இரண்டு செடி. அந்தக் குழியை
இந்தக் கையால்தான் மூடினேன்.

ஆகவே பொய் சொன்னேன்.
வடக்கே, மூன்றாவது ஓடை, என்றேன்.
தண்ணீர் பார்க்காத ஓடை. பழைய டயர்களும்
சுரங்கம் மூடியபோது கொட்டிய கசடும் கிடக்கும் இடம்.
போனவர்கள் யாரும் திரும்பிவந்து கேட்கவில்லை,
தார்ச்சாலை வரைக்கும்
என்னைத் திட்டிக்கொண்டே போயிருப்பார்கள்.

லுடோவினா அராயோஸ் அப்படியில்லை.
தால்க்காவில் செருப்புக்கடையில்
முப்பது வருடம் அடுத்தவர் காலைப் பார்த்துக்
குனிந்தே இருந்தவளாம்.
முழங்காலில் பட்டை, கையில் ஊன்றுகோல்.
என் பொய்யைக் கேட்டுக்கொண்டு
நன்றி சொல்லி இரண்டு ஆரஞ்சு கொடுத்தாள்.
தடுத்திருக்கலாம்.
அலை இறங்கியிருந்த நேரம், எனக்கு வேலை இருந்தது.

பொழுது சாயும்போது வந்தாள்,
பாவாடையெல்லாம் கசடு.
போனை என் ஈரக்கையில் திணித்தாள்.
டயர் வளையத்துக்குள், துருப்பிடித்த தகரத்தை ஒட்டி
சிவப்பு.
பெரிதாக்கிப் பார்த்தேன். சிவப்பேதான்.
"பதினொரு தலை" என்றாள்,
"ஒன்றைக்கூடத் தொடவில்லை.
சொன்ன இடத்தில் சொன்னபடி.
உங்களைப்போல் யார் வழி சொல்லுவார்கள்?"

ஆரஞ்சு என் பையில்தான் இருந்தது.
உரித்தேன். உப்புக் கரித்தது, என் விரல்தான்.

மறுநாள் பாசிக்குப் போகவில்லை.
ஓடையில் இறங்கி எண்ணினேன்.
பன்னிரண்டு.
அவள் விட்டதா, ராத்திரி விரிந்ததா,
எடைச்சீட்டில் என்னவென்று எழுத?

மேலே சாலையில் ஒரு கார் நின்றது.
கண்ணாடி இறங்கியது.
ஒனோஃப்ரே தலையைக் குனிந்து
சங்கிலிக்கு எண்ணெய் விடுவதுபோல் சிரிப்பை மறைத்தான்.

"தெற்கே" என்றேன். "தெற்கே நாலாவது வளைவு."
கார் போனது.
தூசி அடங்கும்வரை நின்று
நானும் ஒருமுறை
தெற்கே பார்த்துக்கொண்டேன்.