பெல்ட் போடக் கூடாத சாலை

எங்கள் தீவுக்கும் ஔலு நகரத்துக்கும் நடுவே
கடல் உறைந்தால்தான் சாலை.
இந்த வருடம் பிப்ரவரியில் திறந்தார்கள்.
பலகையில் எழுதியிருக்கும்: இரண்டு டன் வரை,
நிற்காதே, முந்தாதே.
கடைசி வரி எனக்கு எப்போதும் வேடிக்கை.
பெல்ட்டைக் கழற்றிவிடு.
உடைந்தால் குதிக்க வேண்டும்.

கணவன் தலை என்றார் போதகர்,
என் பத்தொன்பதாம் வயதில், ஜெபவீட்டில்.
தலையாட்டினேன். எவெர்ட்டியின் காதுகள் சிவந்தன.
இன்றும் நம்புகிறேன் அதை,
கேலிக்காகச் சொல்லவில்லை.
முப்பத்தொரு வருடம், ஒன்பது பிள்ளைகள்,
வண்டிச் சாவி அவர் கோட்டுப் பையில்.
என் ஓட்டுநர் உரிமம்
தையல் பெட்டியில், பொத்தான்களுக்கு அடியில்.

அக்டோபரில் ஒரு வழிக்குறிக் கம்பத்துக்குக்
கையசைத்தார்.
"கைசு இந்தக் குளிரில் எங்கே கிளம்பிவிட்டாள்?"
பார்த்தேன். கம்பம்தான்.
"ரொட்டி வாங்கவோ என்னவோ" என்றேன்.

அன்றிலிருந்து வாயாடியானேன்.
அதோ ஹவுத்தாலா வீட்டுக் களஞ்சியம்,
இதோ திருப்பம்,
யாரோ நீல வண்டியை வலது ஓரமாய் விட்டிருக்கிறார்கள் பாருங்கள்.
வண்டியில் பேசினால் பிடிக்காத மனிதர்
ஒருமுறையும் என்னைச் சும்மா இரு என்று சொல்லவில்லை.
எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும்.
இருவரும் அதன்மேல் ஏறி உட்கார்ந்து
ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் போனோம்,
பின் இருக்கையில் அலீசாவையும் வைத்துக்கொண்டு.
அவளுக்கு எட்டு வயது.

கடல்மேல் களஞ்சியம் கிடையாது.
மேலே வெள்ளை, கீழே வெள்ளை.
சாலை தொடங்குமிடத்தில் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.
வண்டியை நிறுத்தினார்.
பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

"ஹில்யா, கம்பங்கள் தெரியவில்லை."

"அக்டோபரிலிருந்து" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.
"பிள்ளையை வைத்துக்கொண்டு, எவெர்ட்டி!"

"நீயும் ஏறினாயே" என்றார்.

அதற்கு இன்னும் பதில் தேடுகிறேன்.
கீழ்ப்படிதல் என்று பெயர் வைத்திருந்தேனே,
அதில் எத்தனை பங்கு பயம்?
அவர் மனம் நோகக் கூடாதென்ற அன்பா,
நாளை முதல் எல்லாம் என் தலையில் விழும் என்ற சோம்பலா?

இறங்கினார். பானட்டை உள்ளங்கையால் தடவித் தடவி
என் பக்கத்துக் கதவுக்கு வந்தார்.
சாவி சூடாக இருந்தது.

கிளட்ச்சை விடத் தெரியாமல் இரண்டு முறை அணைத்தேன்.
அலீசா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.
நடுக்கடலில் பனி முனகியது,
மரக்கட்டிலில் யாரோ புரள்வதுபோல்.
கால் தானாகத் தளர்ந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.
இருபது குளிர்காலம் பனியில் துளையிட்டு மீன் பிடித்தவர்.
"அது தடித்த பனியின் சத்தம்," என்றார். "போ.
மெல்லிசாய்க் கீச்சிட்டால் சொல்கிறேன்."
போனேன்.
பெல்ட் இல்லாத இருவர்,
இடையில் அவர் கை, கியர்மேல் இருந்த என் கைக்கு
ஓர் அங்குலம் தள்ளி.

ஜெபவீட்டு முற்றத்தில் ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
"அம்மாதான் ஓட்டினாங்க!"
அலீசாவின் குரல் ஊருக்கே கேட்டது.
"ஆமாம், நான் கேட்டுக்கொண்டேன்" என்றார் எவெர்ட்டி,
போதகர் நின்ற திசைக்குச் சற்று இடப்புறமாக.

வீட்டில் சாவியை அவரிடம் நீட்டினேன், பழக்கம்.
வாங்கி, சுவரைத் துழாவி,
பிள்ளைகளின் கையுறை தொங்கும் ஆணியில் மாட்டினார்.
முதல் தடவை தவறி விழுந்தது.
நான் எடுத்துக் கொடுத்தேன்.
மறுபடி மாட்டினார்.