செவ்வாய்க்கிழமைப் பெட்டி

செவ்வாய்தோறும் பத்து மணிக்கு
பட்டையை ஓடவிடுவான் தலாய்பெக்.
ஓடாத ரப்பர் இறுகிப்போகுமாம்.
சோதனைக்கென்று ஒரு பச்சைப் பெட்டி,
உள்ளே ஆறு செங்கல்,
மலைக்குளிரில் தன்னந்தனியாகச் சுற்றும்.

எனக்கும் வேலை உண்டு.
காலையில் முத்திரையின் தேதியைத் திருப்புவேன்,
மாலையில் மைப்பெட்டியை மூடுவேன்.
தலைக்குமேல் மூன்று மொழியில் எரியும்
'சர்வதேச வருகை.'
திறப்புவிழாவுக்கு அமைச்சர் வந்தார், காரில்.
ஓடுபாதையின் நீளத்தைச் சொன்னார்:
மூவாயிரத்து இருநூறு மீட்டர்.
கைதட்டினோம். அன்று நல்ல வெயில்.

பிப்ரவரியில் ஓர் இரவு
பிஷ்கெக்கில் மூடுபனி.
இஸ்தான்புல் விமானம் எங்கள் பள்ளத்தாக்கில் இறங்கியது.
நூற்றுப் பதினெட்டுப் பேர்!
ஓடிவந்து கூண்டில் உட்கார்ந்தேன்,
சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு.
யாரும் நாட்டுக்குள் வரவில்லை.
தேநீர் கேட்டார்கள். கழிப்பறை கேட்டார்கள்.
ஒரு பெண், "இது எந்த ஊர்?" என்றாள்.
தலாய்பெக்தான் பொறுக்காமல்
பட்டையை ஓடவிட்டான், வியாழக்கிழமை என்றும் பாராமல்.
பெட்டியின் கூடவே நடந்தான் ஒரு சிறுவன்,
ஐந்து சுற்று.
நாலு மணிக்குப் பனி விலகியது. போய்விட்டார்கள்.

மறுநாள் தலைநகரிலிருந்து தொலைபேசி:
"போன ஆண்டு சுழியம், இந்த ஆண்டு ஒன்று.
வளர்ச்சி எத்தனை சதவீதம் என்று எழுதட்டும்?"
கணக்கில் நான் சுமார் என்றேன்.

செவ்வாய் வந்தது. பட்டை அசைந்தது.
பெட்டியின் கைப்பிடியில்
செருகியிருந்தது ஒரு சிவப்புக் கம்பளிக் கையுறை,
வலது கைக்கானது, என் இரண்டு விரல்கூட நுழையாது.
தலாய்பெக் அதைக் கழற்றவில்லை.
வருகைப் பதிவேட்டில்
முதல் வரி இன்னும் காலி.
பேனாவை எடுத்தேன்,
வைத்தேன்.