மூச்சுக்குழாய்

பங்கு பிரித்தபோது
வீடும் நாயும் அவனுக்கு.
எனக்கு எண்பத்தெட்டாம் வருஷத்து லேண்ட் க்ரூசர்,
கதவுக்கடியில் கை நுழையும் துரு,
பின் இருக்கையில் நாயின் மயிர்.

கையெழுத்திட்டுவிட்டு ஹால்வார்துர் சிரித்தான்:
"ரெண்டு குளிர்காலம் தாங்காது, ஸ்டெய்ன்வோர்."
எது என்று சொல்லவில்லை.

எஸ்கிஃப்யோர்துர் மீன் ஆலையில் வெல்டர் லெஷெக்,
போலந்துக்காரர். சனிக்கிழமை மட்டும் வருவார்.
கூலி, புகைபோட்ட ஆட்டுத்தொடை.
முப்பத்தெட்டு அங்குல டயர் நுழைய
சக்கர வளைவுகளை வெட்டியாக வேண்டும்.
கிரைண்டரை என்னிடம் நீட்டிவிட்டு
காப்பி போடப் போய்விட்டார்.
முதல் வெட்டுக்குத்தான் கை நடுங்கியது.
பிறகு நிறுத்தச் சொல்லி
அவர் ஓடிவர வேண்டியிருந்தது.

தொய்ந்த வில்தகடுகளைக் கழற்றிப் புதிது போட்டதும்
நாலு அங்குலம் எழுந்து நின்றது வண்டி.
ஏறுவதற்கு மீன்பெட்டி ஒன்று படியாயிற்று.
பல்சக்கர விகிதம் மாறியது.
கூரைவரை ஏறும் ஸ்னார்க்கல், வின்ச்,
இரண்டாவது பேட்டரி, கம்ப்ரெஸர்,
நூற்றுப் பத்து லிட்டர் கூடுதல் டீசல்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளின் சம்பளம் அது.
வங்கிக் கணக்கைப் பார்ப்பதை மார்ச்சில் நிறுத்தினேன்.

லெஷெக் எழுதித் தந்த பட்டியலில் கடைசி வரி:
அச்சுக்கு மூச்சுக்குழாய், ஒன்றரை மீட்டர்.
ஒரு பீட்சா விலைகூட இல்லை.
அதனால்தான் மறந்தேன்.

ஜூலையில் மலைப்பாதை திறந்தார்கள்.
டயர் காற்றைப் பன்னிரண்டு பவுண்டுக்கு இறக்கி
எரிமலைக் கல்மீது
நாற்பது கிலோமீட்டர் அசைபோட்டபடி போனோம்,
நானும் வண்டியும்.
பிறகு பலகை ஏதும் இல்லாத ஒரு ஆறு.
பனியுருகிய நீர், சிமெண்ட் சட்டி கழுவிய நிறம்.
இடுப்புவரை நனைந்து நடந்து பார்த்தேன்.
திரும்பி வந்து ஹீட்டரைப் போட்டு அழுதேன் கொஞ்சம்,
குளிரில்தான்.
தாழ்ந்த கியரில் இறக்கினேன்.
பானட் மேல் அலை ஏறியது, இறங்கியது.
அக்கரையில் கதவைத் திறந்து
ஆளில்லாத கருமணலைப் பார்த்துக் கத்தினேன்:
"ரெண்டு குளிர்காலமா?"

மறுநாள், மலைக்குடிலின் பின்புறம்
பின் அச்சின் திருகைத் திறந்தால்
எண்ணெய் வரவில்லை.
பால் அதிகம் விட்ட டீ வந்தது.

குடிலைக் காக்கிற ஓட்னி
பக்கத்தில் மல்லாந்து படுத்துப் பார்த்தாள்.
"ஓடி ஓடிச் சூடான அச்சு.
ஐஸ் தண்ணீரில் இறக்கினால் உள்காற்று சுருங்கும்.
சுருங்கும்போது ஒரு மூச்சு இழுக்கும்.
இதன் வாய் தண்ணீருக்குள் இருந்திருக்கிறது."
பாத்திரம் எடுத்துவர எழுந்து போனாள்.

நான் அடியிலேயே கிடந்தேன்.
போன அக்டோபர், சமையலறை,
பிரிக்காத உறையை மேசையில் வைத்து
அவன் ஒரு வாக்கியம் சொன்னபோது
நான் இழுத்த மூச்சு.
அதோடு என்னென்ன உள்ளே போயிற்றோ.
திருகு எங்கே இருக்கிறதென்று
எனக்கே தெரியாது.

கெட்ட எண்ணெயைச் சூப் பாத்திரத்தில் பிடித்தோம்.
அங்கே தரையில் ஒரு சொட்டு விட்டாலும்
பாசி மன்னிக்காது.
ஓட்னியின் மிச்ச எண்ணெயில் இரண்டு முறை கழுவி
மூன்றாவதை உள்ளே விட்டோம்.
கம்ப்ரெஸர் குழாயில் ஒன்றரை மீட்டர் வெட்டி
அச்சிலிருந்து மேலே ஏற்றி
பின்விளக்கின் முதுகில் கட்டினேன்.

திரும்பும்போது அதே ஆறு.
குழாய் இருக்கிறது, இறங்கலாம்.
இருந்தும் கரையிலேயே எஞ்சினை அணைத்தேன்.
காய்ந்த மீனை வெண்ணெயில் தொட்டு மென்றபடி
அச்சைத் தொட்டுப் பார்த்தேன்.
இன்னும் சுடுகிறது.
ஆறு, என்றேன் அதனிடம்.
முன்னால் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.
இன்னொரு துண்டு மீன் பிய்த்தேன்.